பயிற்சி நடக்காத மூன்று நாள்

பள்ளிக்கூடம் அவர்களுக்கு மைதானத்தைக் கொடுத்தது, விடுதியைக் கொடுத்தது, சமையல்கட்டைக் கொடுத்தது, கூடவே என்னையும் கொடுத்தது. கொடைக்கானலில் ஓர் உறைவிடப் பள்ளியின் நோயறையில் நான் நர்ஸ். டிசம்பரில் நீண்ட விடுமுறை விட்டுப் பிள்ளைகள் ஊர்களுக்குப் போன பிறகு, மாநிலப் பெண்கள் ஹாக்கி அணி பயிற்சி முகாமுக்காக மலையேறி வரும். உயரத்தில் ஓடிப் பழகினால் கீழே போனதும் மூச்சு வாங்காதாம். எனக்கு இருபது வருடமாக இங்கேயே மூச்சு வாங்குகிறது, அதை யாரும் கண்டுகொண்டதில்லை.

முதல் வருடம் அணியோடு காயப் பதிவுக்கென்று ஒரு பெண் வந்திருந்தாள். குளிர் தாங்காமல் ஒரே வாரத்தில் இறங்கிப் போய்விட்டாள். "சிஸ்டருக்குத்தான் உடம்பப் பத்தித் தெரியும், எழுதவும் தெரியும்" என்று யாரோ சொல்ல, அவள் எழுதிக்கொண்டிருந்த நோட்டு என் மேசைக்கு வந்தது. வந்தது வந்ததுதான். அடுத்தடுத்த வருடங்களில் என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. விடுமுறை என்பது வில்பட்டியில் என் வீட்டில் கொஞ்சம் கால் நீட்டி உட்காரக் கிடைத்த நாட்கள். அதுவும் போனது.

அந்த நோட்டில் பெயர் எழுதக் கூடாது. சட்டை நம்பர் மட்டும்தான். நம்பர், உடம்பில் எந்த இடம், இடதா வலதா, பந்து பட்டதா, மட்டை பட்டதா, ஆள் மோதியதா, தானாக வந்ததா, எத்தனை நாள் ஆட முடியவில்லை. சாயங்காலம் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒவ்வொரு நம்பருக்கு நேராகவும் ஒரு நிறம் வரும். பச்சை என்றால் ஆடலாம், மஞ்சள் என்றால் பார்த்து ஆட வேண்டும், சிவப்பு என்றால் உட்கார வேண்டும். அந்தத் தாளை மெஸ் கதவில் ஒட்டுவேன். பிசியோ அதைப் பார்த்துத்தான் யாருக்கு வைத்தியம் என்று முடிவு செய்வார். கோச் அதைப் பார்த்துத்தான் யாரை ஓட விடலாம் என்று முடிவு செய்வார். பெண்கள் தோசையைப் பார்ப்பதற்கு முன்னால் நிறத்தைப் பார்ப்பார்கள்.

இந்தப் பெண்களைப் போல வலியை மறைக்கத் தெரிந்தவர்களை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் இல்லாத வலியைச் சொல்லி லீவு வாங்குவார்கள். இங்கே இருக்கிற வலியை விழுங்கிவிட்டு ஆட நிற்பார்கள். பந்து பட்டு முழங்காலுக்குக் கீழே முட்டை அளவு வீங்கியிருக்கும், அதன்மேல் காலுறையை இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா" என்பார்கள். மட்டைக்கடியில் சிக்கி நகம் கறுத்த விரலைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே பேசுவார்கள்.

ஆனால் விடுதியிலிருந்து மைதானத்துக்கு இறங்க நாற்பது கல்படி இருந்தது. எங்கள் ஊரில் எதற்குப் போனாலும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். நான் காலையில் படிகளுக்குக் கீழே ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பேன். முழங்காலில் கோளாறு என்றால் இறங்கும்போது தெரியும். தொடையில் கோளாறு என்றால் திரும்ப ஏறும்போது தெரியும். கணுக்கால் என்றால் தோழியின் தோளில் கை போட்டுக்கொண்டு, அளவுக்கு மீறிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். காலை ஆறரை மணிக் குளிரில் ஒருத்தி காரணமில்லாமல் சிரித்தால் அவளுக்கு எங்கோ வலிக்கிறது என்று அர்த்தம். கூப்பிட்டு உட்காரவைப்பேன். "எழுதாதீங்கக்கா, ப்ளீஸ்க்கா, எங்கம்மா சத்தியமா வலிக்கலக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஏன் மறைக்கிறார்கள் என்று புரியாமல் இல்லை. முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் போட்டிக்குப் போக முடியாது. சிவப்பு விழுந்தால் அந்த இடத்தில் வேறொருத்தி நின்று ஆடிக் காட்டிவிடுவாள். ஆனால் ஒரு விதி உண்டு. காயம்பட்டு, அதைச் சொல்லி, எழுதவைத்துவிட்டால் சிகிச்சை முடியும்வரை அணி இடத்தை வைத்திருக்கும். மறைத்தது தெரிந்தால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அது ஒழுங்கீனம். பெண்களுக்கு இரண்டாவது விதிமேல் பயம் இருந்தது, முதலாவதின்மேல் நம்பிக்கை இல்லை.

இரண்டாவது வருடம் நான் எல்லாவற்றையும் எழுதினேன். கொப்புளத்தை எழுதினேன், மாதவிலக்கு வலியை எழுதினேன், ஒருத்தியின் பல்வலியைக்கூட எழுதினேன். நோயறையில் அப்படித்தானே எழுதிப் பழக்கம். முகாம் முடிந்து நோட்டு சென்னைக்குப் போனது. அங்கே யாரோ மற்ற முகாம்களோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த டிசம்பரில் கோச் வந்து இறங்கியதும் நேராக என் அறைக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், பழைய ஆட்டக்காரர், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனிதர்.

"சிஸ்டர், கொப்புளமெல்லாம் காயமா? பல்வலிக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம்? மத்த கேம்ப்ல எல்லாம் அரைப் பக்கம், நம்ம கேம்ப்ல நோட்டே தீந்துபோச்சு. நான் என்னமோ பொண்ணுங்கள அடிச்சு நொறுக்கறேன்னு மேல நினைக்கறாங்க."

ஒரு தாளை மேசையில் வைத்தார். சிவப்பு மையில் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தது. அடுத்த பயிற்சியிலோ ஆட்டத்திலோ கலந்துகொள்ள முடியாதபடி செய்வதே காயம் எனப்படும். மற்றவை பதிவில் சேரா.

எனக்குச் சுள்ளென்று வந்தது. விடுமுறையைத் தின்றுவிட்டு, பல்வலியை எழுதியதற்குப் பாட்டும் வாங்க வேண்டுமா?  அந்தத் தாளைப் பசை தடவி நோட்டு அட்டையின் உட்பக்கம் ஒட்டினேன். இனி இதுதான் சட்டம். பயிற்சிக்கு வராமல் போனால் காயம், வந்தால் காயம் இல்லை. அழுதுகொண்டு வந்தாலும் சரிதான். வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பூண்டுக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒனக்குக் கோவம் வந்தா சோலியச் சரியாச் செஞ்சே பழி வாங்குவியே" என்று சிரித்தார். இருபத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் செய்தவர், அவருக்குத் தெரியாதா.

அந்த வருடம் நோட்டு அரைப் பக்கத்தோடு நின்றது. கோச்சுக்கு சந்தோஷம். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான் தொடங்கினேன். அது நான்காவது முகாம். அப்போதுதான் இது நடந்தது.

பதினான்காம் நம்பர் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். நடுக்களத்தில் ஆடுகிறவள். முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இடம் அது. அதிகம் பேசமாட்டாள். எங்கள் மெஸ் சாம்பாரில் உறைப்பே இல்லை என்பதை மட்டும் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்வாள். ஒரு நாள் மாலைப் பயிற்சி முடிந்து மற்றவர்கள் படியேறிப் போகும்போது அவள் மட்டும் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, பின்தொடையில சுருக்குனு இழுத்துச்சு. வலது காலு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "நீயாவா வந்து சொல்றே?"

"ஆமாக்கா. போன வருசம் கணுக்கால மறைச்சு மறைச்சு ஆடி, ஆறு மாசம் வீட்ல கெடந்தேன். அந்தப் பாடே போதும்க்கா."

குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தேன். உட்காரும் எலும்புக்குக் கொஞ்சம் கீழே ஓர் இடத்தில் கை பட்டதும் உடம்பு துள்ளியது. வீக்கம் இல்லை, நிறம் மாறவில்லை. ஐஸ் வைத்தேன். கொடைக்கானலில் இதற்கு எதற்கு ஐஸ், குழாய்த் தண்ணியே போதுமே என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

"பிசியோ சாரப் பாக்கணுமாக்கா?"

பிசியோ மதுரைக்காரத் தம்பி. அன்று காலையில்தான் கோல்கீப்பருக்கு விரல் எலும்பு விலகி, படம் எடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு இறங்கியிருந்தார். அதைச் சொன்னேன்.

"அப்ப நோட்ல எழுதிருவீங்கள்லக்கா?"

நோட்டைத் திறந்தேன். முதலில் அட்டை உட்பக்கம்தான் கண்ணில் பட்டது. சிவப்புக் கோடு. "நாளைக்குக் காலையில பாப்போம். பிராக்டிஸுக்கு எறங்க முடியாட்டி எழுதுறேன். அதான் இங்க சட்டம்" என்றேன். தலையாட்டினாள். அதில் தவறு ஒன்றும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மறுநாள் காலையில் பயிற்சி இருந்திருந்தால் அவள் இறங்கியிருக்கமாட்டாள், நான் எழுதியிருப்பேன், அவள் நம்பருக்கு நேராகச் சிவப்பு வந்திருக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும்.

மறுநாள் காலையில் மேகம் இறங்கிவிட்டது. டூரிஸ்டுகளுக்கு அது மிஸ்ட், கையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது துணி காயாத நாள். வில்பட்டியிலிருந்து பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து வந்தது. மைதானத்தின் இந்தப் பக்கக் கோலில் நின்றால் அந்தப் பக்கக் கோல் இல்லை. பந்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஆடினால் பல் போகும், கண் போகும். கோச் வந்து நின்று பார்த்தார், மேகத்தைத் திட்டினார், பயிற்சி இல்லை என்று சொல்லிவிட்டார். பெண்களை உள்ளே உட்காரவைத்துப் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டினார்.

நான் நோட்டைத் திறந்து தேதி போட்டேன். பயிற்சி இல்லை என்று எழுதினேன். பதினான்காம் நம்பரை நினைத்தேன். அட்டையைத் திருப்பிப் படித்தேன். அடுத்த பயிற்சியில் கலந்துகொள்ள முடியாமல் போனால் காயம். பயிற்சியே நடக்காதபோது யாரும் பயிற்சிக்கு வராமல் இருக்க முடியாது. எழுதவில்லை. அன்று சாயங்காலம் ஒட்டிய தாளில் மதுரை போன கோல்கீப்பரைத் தவிர எல்லோரும் பச்சை.

அதில் ஒரு கள்ளச் சந்தோஷம் எனக்கு இருந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் யாராவது இதை ஏன் எழுதவில்லை என்று கேட்கட்டும், அட்டையைத் திறந்து காட்டுகிறேன், அவர்கள் சட்டத்தை அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் ஒரு வீம்பு. அந்த வீம்புக்கும் பதினான்காம் நம்பரின் காலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது நாளும் மேகம். கூடவே மழை. மதியம் அவள் வந்தாள். அந்த நேரம் மூன்று பெண்கள் ஜலதோஷத்தோடு என் கட்டில்களில் கிடந்தார்கள். ஹீட்டர் வேலை செய்யவில்லை, என் காலுறை நனைந்திருந்தது, பஸ் நின்ற சர்ச் மேட்டிலிருந்து நடந்து வந்ததில் முட்டி வலித்தது. என் முட்டியை எழுத யாரும் இல்லை.

"அக்கா, எழுதியாச்சாக்கா?"

"நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றேன். குரலில் எரிச்சல் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

"சரிக்கா" என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மூன்றாவது நாளும் மேகம் விலகவில்லை. அன்று சாயங்காலம் பிசியோ தம்பி வந்து சேர்ந்தார். மலைப்பாதையில் மரம் விழுந்து வத்தலக்குண்டிலேயே ஒன்றரை நாள் கிடந்தாராம். வந்தவுடன் பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. "லிஸ்ட் குடுங்க சிஸ்டர், நாளைக்கு வெயில் வருதாம், கோச் மூணு நாளுக்கும் சேத்து வாங்கப்போறாரு" என்றார். கொடுத்தேன். கோல்கீப்பரைத் தவிர எல்லாம் பச்சை. பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். தம்பி, பதினான்காம் நம்பருக்குப் பின்தொடையைக் கொஞ்சம் பாருங்க. இவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் வில்பட்டிக்குக் கடைசிக்கு முந்தின பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதை விட்டால் குளிரில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். அன்று காலையில் அவள் மெஸ் படியில் நன்றாகத்தான் ஏறினாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளை மெஸ் கதவில் ஒட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெரசாக நடந்தேன். பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது.

நான்காவது நாள் காலை கழுவிவிட்டதுபோல இருந்தது. செயற்கைப் புல்லில் தண்ணீர் மினுங்கியது. கோச் உற்சாகமாக இருந்தார். பெண்களை வரிசையாக நிறுத்தி, கோட்டிலிருந்து கோட்டுக்கு முழு வேகத்தில் ஓடவிட்டு நேரம் குறிக்கச் சொன்னார். நான் வழக்கம்போல ஓரத்தில் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். பதினான்காம் நம்பர் தன் முறைக்கு முன்னால் ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை, எல்லோருக்கும்தான் காட்டுவேன்.

முதல் ஓட்டம் ஓடினாள். இரண்டாவதில் பாதி தூரம் போனதும் பின்னாலிருந்து யாரோ அடித்ததுபோலக் கையைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். பட்டென்று ஒரு சத்தம் கேட்டதாக எனக்கு ஞாபகம். நான் நின்ற தூரத்துக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் ஞாபகத்தில் கேட்கிறது.

ஓடினோம். பிசியோ தம்பி அவளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பின்தொடையின் மேல்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கறை இருந்தது. நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சள். அவர் முகம் மாறியது. "சார், இது இன்னைக்கு ஆனது இல்ல. மஞ்சளா மாறியிருக்கு பாருங்க. மூணு நாலு நாளாவது ஆயிருக்கும். அது மேலயே இப்ப கிழிஞ்சிருக்கு."

கோச் குனிந்தார். "மறைச்சியா?"

"இல்ல சார். அக்காகிட்ட சொன்னேன் சார்." வலியில் அவளுக்குப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சிஸ்டர்?" என்றார் கோச்.

நோட்டு என் கக்கத்தில் இருந்தது. நான் அதைத் திறக்கக்கூட இல்லை. "நோட்ல இல்ல சார்" என்றேன்.

அது பொய் இல்லை. எனக்கு இன்றைக்கும் கேவலமாக இருப்பது அதுதான். பொய் சொல்லியிருந்தால்கூடப் பயத்தில் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் உண்மையைச் சொல்லி அவளைப் பொய்க்காரியாக்கினேன்.  அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் அந்த நாற்பது படிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்ததில் தசைநார் எலும்பிலிருந்தே விட்டுப்போயிருந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கோச் சென்னைக்கு அறிக்கை அனுப்பினார். காயத்தை மறைத்ததாக அதில் எழுதியிருந்தது. பட்டியலிலிருந்து எடுப்பது பற்றி அடுத்த வாரம் விசாரிப்பார்கள் என்று மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பெண்கள் என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினார்கள். அவர்களில் ஒருத்திகூட என்னைச் சந்தேகப்படவில்லை. மறைப்பதுதானே அவர்களுக்குப் பழக்கம். பதினான்காம் நம்பரும் மறைத்திருப்பாள், மாட்டிக்கொண்டதும் அக்கா தலையில் போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருத்தி எனக்காக வருத்தப்பட்டு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

அந்த வாரம் நான் போக வேண்டிய வேலைகளுக்கெல்லாம் போனேன், வந்தேன். உடம்பில் ஓர் அசதி. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் என் கையையே பார்த்தார்.

"என்னம்மா, ஒரு வாரமா மொகம் செத்துக் கெடக்கு?"

சொன்னேன். மேகத்தை, நோட்டை, அட்டையில் இருக்கிற சட்டத்தை, மூன்று நாள் பயிற்சி இல்லாததை எல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். அவர் பூண்டைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு எதுக்கு? அந்தப் புள்ள ஒங்கிட்ட வந்து சொல்லுச்சா இல்லையா?"

"சொல்லுச்சுங்க. ஆனா நோட்ல இல்லைங்களே."

"நோட்டுலயா அதுக்கு வலிச்சுச்சு? நாளைக்கு வெள்ளனே போயி நடந்ததச் சொல்லிட்டு வா. வேலை போனாப் போகுது. இங்க பூண்டு கெடக்கு."

எனக்கு அழுகை வந்தது. பூண்டு வாடையில் வந்தது என்று வைத்துக்கொண்டோம்.

மறுநாள் விசாரணை பள்ளி அலுவலக அறையில், கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. சென்னையிலிருந்து மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா ஒரு காலத்தில் ஆடியவராம், வலது புருவத்தில் பழைய தையல் தெரிந்தது. ஒரு மூலையில் சின்னக் கட்டத்துக்குள் பதினான்காம் நம்பர், படுத்த வாக்கில். அவள் முகத்துக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கோச்சும் பிசியோவும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசி முடித்ததும் அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"பதிவுல ஒண்ணுமே இல்லையே சிஸ்டர்?"

"இல்லைங்க மேடம். ஆனா அவ சொன்னா. இழுத்த அன்னைக்கே தானா வந்து சொன்னா. மறுபடியும் ஒரு தடவ வந்து எழுதியாச்சான்னும் கேட்டா. நான்தான் எழுதல."

அந்த அம்மா திரைக்கு அருகே சாய்ந்தார். "ஏன் எழுதல?"

"மூணு நாளும் மேகம் மேடம், பிராக்டிஸ் நடக்கல. பிராக்டிஸுக்கு வராம இருந்தாத்தான் காயம்னு சட்டம். பிராக்டிஸே இல்லாதப்ப யாரும் வராம இருக்க முடியாதுங்களே." நோட்டைத் திறந்து அட்டையைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். நான் சாய்த்துப் பிடித்ததில் அவர்களால் படிக்க முடியவில்லை. கோச்தான் வாங்கி நேராகப் பிடித்தார்.

அந்த அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதினவங்க உங்க ஊர் மேகத்தை நினைச்சுப் பாக்கல" என்றார்.

"ஆமாங்க மேடம். நான் நினைச்சுப் பாத்தேன். நினைச்சுப் பாத்துட்டும் எழுதல. கிரவுண்ட்ல சார் கேட்டப்பவும் சொல்லல."

சின்னக் கட்டத்துக்குள் அவள் என்னைப் பார்த்தாளா, திரையில் வேறு யாரையாவது பார்த்தாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள்மேல் இருந்த குற்றத்தை எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து வரும்வரை இடம் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சட்டத்தையும் மாற்றினார்கள். வலிக்கிறது என்று சொன்னாலே இனி எழுத வேண்டும், பயிற்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும். கொப்புளம்கூட எழுதலாமாம். அடுத்த முகாமிலிருந்து பதிவுக்கு வேறு ஆள் வருவார் என்று பள்ளிக்குக் கடிதம் வந்தது. என் விடுமுறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. நிம்மதி என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் இல்லை. மலையிறங்கும் நாளில் கோச் என் அறைக்கு வந்தார். "நான்தான் உங்கள அப்படி எழுத வெச்சேன் சிஸ்டர்" என்றார். அந்த மனிதரிடம் கோபப்பட்டு ஒரு வருடத்தை ஓட்டியிருந்தேன், அவர் அப்படிச் சொன்ன பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பதினான்காம் நம்பரிடம் மட்டும் நான் பேசவில்லை. அவள் போன் நம்பர் கையில் இருந்தது. எடுப்பேன், வைப்பேன். சித்திரையில் சீசன் தொடங்கி, ஊர் முழுக்கக் காராக நின்று, பஸ் மூஞ்சிக்கல் ஸ்டாப்பைத் தாண்டாமல் கிடந்த ஒரு மதியம், பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே கூப்பிட்டுவிட்டேன். அவள் எடுத்ததும் என்ன பேச என்று வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"நடக்கேன்க்கா. கம்ப விட்டாச்சு. ஓடுறதுக்கு இன்னும் நாள் ஆகுமாம். பழைய வேகம் வருமான்னு டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு."

"என்னைய மன்னிச்சிரும்மா. கிரவுண்ட்ல அத்தன பேருக்கு முன்னால ஒன்னையப் பொய்க்காரியாக்கிட்டேன்."

"விடுங்கக்கா. அதான் மீட்டிங்ல சொல்லிட்டீங்கள்ல. அதெல்லாம் சரியாப் போச்சு."  அவள் பக்கத்தில் பஸ் ஹாரன்கள் கேட்டன. "அக்கா, எனக்கு அன்னைக்குக் காலையிலயும் லேசா வலிச்சுச்சு. மெஸ் கதவுல பச்சை போட்டிருந்துச்சு. நீங்க பாத்துக்கிறேன்னு சொன்னீங்க, பிசியோ சார் கையெழுத்தும் இருந்துச்சு. சரி, அக்கா சொல்லி, எல்லாரும் பேசி, ஓடலாம்னுதான் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். அதான்க்கா ஓடுனேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பஸ் வந்துருச்சுக்கா, வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.